லயத்து வீட்டின் பிளக் பேஸில் மூன்றாவது வயர் எங்கே?

சென்ற மழைக்காலத்தில் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலுள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கரண்டு கேத்தலைத் துணி சுற்றிப் பிடித்தார். சுடுகிறதா என்று கேட்டேன். "இல்ல தம்பி, லேசா கரண்டு அடிக்கும். செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யாது" என்றார்.

நான் கொழும்பில் வயரிங் வேலை செய்பவன். மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டரால் பார்த்துவிட்டு பிளக் பேஸைக் கழற்றினேன். உள்ளே இரண்டு வயர்கள் மட்டுமே இருந்தன. எர்த் வயர் பூட்ட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த இரண்டும்கூட மின்குமிழுக்குப் போகும் மெல்லிய வயரிலிருந்து இழுக்கப்பட்டவை.

ஒரு பிளக் பேஸுக்கு மூன்று வயர்கள் வேண்டும். பழுப்பு நிற வயர் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. நீல வயர் திருப்பி எடுத்துச் செல்கிறது. பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். கேத்தலுக்குள் மின்னொழுக்கு ஏற்பட்டால், எர்த் வயர் அதை நிலத்துக்குக் கடத்தும். உடனே ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் கேத்தலைத் தொடுபவரின் உடம்புதான் வழி. ஈரச் சிமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்றால் ஆபத்து இன்னும் கூடும்.

எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்யவில்லை. மழை நாளில் அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுத்திருந்தார்கள். 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே மின்சாரத்தை நிறுத்தி உயிர்காக்கும் கருவி அது. அடிக்கடி விழுந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது வயரின் தடிப்பு. 2000 வாட் கேத்தல் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். மின்குமிழுக்கான 1/1.13 வயரில் அதோடு ரைஸ் குக்கரையும் மல்டி பிளக்கில் சேர்த்தால் வயர் சூடாகி உறை உருகக்கூடும். 13 அம்பியர் பிளக் பேஸுக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 7/0.67 வயர் இழுக்க வேண்டும்.

தனிவீட்டில் இது அந்த வீட்டாரின் பிரச்சினை. லயத்தில் அப்படியல்ல. ஒரே கூரை, ஒரே மரச்சட்டங்கள். ஒரு காம்பராவில் பற்றும் தீ மற்றக் காம்பராக்களுக்கும் பரவும். லயன் தீ விபத்துச் செய்திகளில் 'மின்னொழுக்கு' என்ற சொல்லை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்!

எர்த் ரொட் அடித்து, வயர் மாற்றி, புது ட்ரிப் சுவிட்ச் பூட்ட எனக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. ஆனால் பக்கத்துக் காம்பராக்களின் வயரிங் பழையபடியே இருக்கிறது. வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர்கள் தங்கள் கைக்காசைச் செலவழித்து வயர் மாற்றத் தயங்குவது நியாயம்தான். ஆகவே லயத்தை லயமாகவே பரிசோதிக்க வேண்டும். அதைத் தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கங்களிடமும் நாம் கேட்க வேண்டும்.

அதுவரை மாதம் ஒரு தடவை ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால், தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.