கண்ணில் படாத திரவத்தின் கணக்கு

இரண்டு தங்க அணுக்கருக்களை ஒளியின் வேகத்தில் 99.995 சதவீதம் வரை முடுக்கி நேருக்கு நேர் மோதவிட்டால், மோதிய இடத்தில் ஒரு துளி திரவம் பிறக்கிறது. அதன் அகலம் பத்து ஃபெர்மி அளவுதான். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு ஃபெர்மி. துளியின் வெப்பமோ 4 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் நடுப்பகுதிகூட ஒன்றரைக் கோடி டிகிரிதான். ஒளி ஓர் அணுக்கருவைக் கடக்க எடுக்கும் நேரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் இந்தத் துளியின் ஆயுள். அதற்குள் அது விரிந்து, ஆறி, ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறிவிடுகிறது.

இதை யாரும் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் முடியாது. கருவிகளில் பதிவதெல்லாம் கடைசியில் சிதறி வந்த துகள்கள் மட்டுமே. அப்புறம் எப்படி அது திரவம்தான் என்று அடித்துச் சொல்கிறோம்? மோதலில் பிறக்கும் பாய்மத்தைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை. அந்த வேலை முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் எல்லோரும் எதிர்பார்த்தது வாயுவை. புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. அவற்றைப் பிணைத்து வைத்திருப்பவை குளுவான்கள். ஆற்றல் ஏற ஏற இந்தப் பிணைப்பு தளர்கிறது என்று 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் காட்டினார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே போதிய வெப்பம் கொடுத்தால் குவார்க்குகளும் குளுவான்களும் ஒன்றையொன்று அதிகம் சட்டை செய்யாமல் வாயுபோலத் திரியும் என்பதே பரவலான கணிப்பு. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில், 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ரிக் முடுக்கி 2000ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியபோது நிலைமை இதுதான்.

சோதனை என்னவோ எளிமையானது. இரண்டு கருக்களும் எப்போதும் மையத்தோடு மையம் மோதுவதில்லை. பெரும்பாலும் சற்று விலகியே மோதுகின்றன. அப்போது அவை ஒன்றன்மேல் ஒன்று படிகிற பகுதி வட்டமாக இருக்காது, பாதாம்பருப்பின் வடிவில் இருக்கும். உள்ளே இருப்பது வாயு என்றால் துகள்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பறந்து போகும். பிறந்த வடிவம் அவற்றுக்கு நினைவிருக்காது. திரவம் என்றால் கதை வேறு. பாதாமின் குறுகிய பக்கத்தில் அழுத்தம் சட்டென்று சரிகிறது, அதனால் அந்தத் திசையில் உந்துதல் அதிகம். அந்தப் பக்கமாக வரும் துகள்களின் எண்ணிக்கையும் கூடும். இதை அளந்து பாருங்கள் என்று பிரான்சின் சாக்லே ஆய்வகத்தைச் சேர்ந்த ழான் ஈவ் ஒலித்ரோ 1992லேயே எழுதிவிட்டார். ரிக்கின் ஸ்டார் குழு அளந்தது. பாகுநிலையே இல்லாத பாய்மம் என்று வைத்துப் போட்ட கணக்கோடு விடை அநேகமாக ஒத்துப்போனது. ரிக்கின் நான்கு ஆய்வுக் குழுக்களும் 2005 ஏப்ரலில், தாங்கள் கண்டது ஏறக்குறைய குறையற்ற திரவம் என்று அறிவித்தன.

அறிவிப்பு வந்ததும், தண்ணீரைவிட லேசாக ஓடும் திரவம் என்று பல இடங்களில் எழுதினார்கள். அதில் ஒரு திருத்தம் தேவை. சாதாரண அலகில் சொன்னால் இந்தத் திரவத்தின் பாகுநிலை தாரைக்கூடத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் அவ்வளவு அடர்ந்து கொதிக்கும் ஒரு பொருளின் ஓட்டத்தைத் தீர்மானிப்பது வெறும் பாகுநிலை இல்லை. பாகுநிலையை என்ட்ரோபி அடர்த்தியால் வகுத்து வரும் விகிதம்தான். அந்த விகிதத்தில் இதற்கு நிகராக மிகச் சில பொருள்களே உள்ளன. கோவ்டுன், சோன், ஸ்டாரினெட்ஸ் மூவரும் இழைக் கோட்பாட்டின் வழியாகப் போய், இந்த விகிதத்துக்கு ஏறத்தாழ 0.08 என்ற கீழ்வரம்பு இருக்கலாம் என்று 2005இல் முன்வைத்தார்கள். தண்ணீரும் திரவ ஹீலியமும் அந்த வரம்புக்குப் பல மடங்கு மேலே நிற்கின்றன. மோதலில் பிறக்கும் துளி கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு மோதலை எடுத்துப் பார்ப்போம். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் மோதவிடுவது ஈயக் கருக்களை. ஒவ்வொன்றிலும் 208 புரோட்டான், நியூட்ரான்கள். அவை கருவுக்குள் எங்கெங்கே நிற்கின்றன என்பதைக் கணினி பகடை உருட்டி முடிவு செய்கிறது. எது எதன்மேல் மோதுகிறதோ அந்த இடத்தில் ஆற்றல் குவிகிறது. இப்போது 20 ஃபெர்மி பக்கமுள்ள ஒரு சதுரத்தை ஃபெர்மியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறோம். மொத்தம் 40,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆற்றல் அடர்த்தி, ஓர் அழுத்தம், ஒரு திசைவேகம். ஆற்றலும் உந்தமும் எங்கும் அழிவதில்லை என்ற விதியை வைத்துக்கொண்டு, நேரத்தைத் துளித்துளியாக நகர்த்துகிறோம். இந்த ஆற்றலுக்கு இந்த அழுத்தம் என்ற பட்டியல் எங்கள் கற்பனையில் வந்ததில்லை. குவார்க் கோட்பாட்டை மீத்திறன் கணினிகளில் நேரடியாகத் தீர்த்துப் பெற்றது. ஒரு கட்டம் 1.8 லட்சம் கோடி டிகிரிக்கு ஆறியதும், அங்குள்ள பாய்மத்தைத் துகள்களாக மாற்றிவிடுகிறோம். அதற்கான வாய்பாட்டைக் கூப்பரும் ஃப்ரையும் 1974இல் தந்தார்கள்.

குழாயில் ஓடும் தண்ணீருக்கான சமன்பாட்டை அப்படியே சார்பியலுக்குள் கொண்டுவந்தால் இந்தக் கணக்கு ஓடாது. அதில் ஒரு மூலையில் விழும் சலனம் ஒளியை முந்திக்கொண்டு மறு மூலைக்குப் போய்விடும். எண்கள் தாறுமாறாக ஏறி, நிரல் நின்றுவிடும். பாய்மம் மாற்றத்துக்கு இசைந்து கொடுக்கச் சிறிது அவகாசம் எடுத்துக்கொள்ளும் என்று சமன்பாட்டிலேயே எழுதி, வெர்னர் இஸ்ரேலும் ஜான் ஸ்டூவர்ட்டும் 1970களில் இதைச் சரிசெய்தார்கள். அணுக்கரு மோதலை மனதில் வைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. இன்று நாங்கள் ஓட்டும் நிரல்களில் பெரும்பாலானவை அந்த வேலையின் மேல்தான் நிற்கின்றன.

பகடை என்றேன் அல்லவா, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதில்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் பலரும் பகடையை உருட்டிவிட்டுச் சராசரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சராசரி எடுத்தால் மேடுபள்ளமெல்லாம் கரைந்து மழமழவென்று ஒரு பாதாம்தான் மிஞ்சும். ஒரே மாதிரி இரண்டு கருக்கள் மோதும்போது சமச்சீர் இருப்பதால், துகள்கள் இரண்டு திசைகளில் அதிகமாக வரலாம், நான்கில் வரலாம். மூன்றில் வர வழியில்லை என்று ஒதுக்கியிருந்தார்கள். அதே காலத்தில் தரவில் விளங்காத ஒரு புடைப்பு இருந்தது. வேகமாகப் போகும் ஒரு துகளுக்கு எதிர்ப்புறத்தில், இரண்டு பக்கங்களில் துகள்கள் கூடி வந்தன. ஒலியை மிஞ்சிய விமானத்தின் பின்னால் எழுமே, அதுபோன்ற அதிர்ச்சி அலையின் கூம்பு இது என்று கட்டுரைமேல் கட்டுரை வந்தது.

எம்.ஐ.டி.யின் பூரக் ஆல்வரும் குந்தர் ரோலண்டும் 2010இல் அந்தச் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு மோதலையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். கருவுக்குள் இருக்கும் துகள்கள் ஒழுங்காக அடுக்கியா நிற்கும்? ஒரு மோதலில் ஆற்றல் மூன்று குவியலாக, முக்கோணம் போலவும் விழும். அடுத்ததில் வேறு பக்கம் திரும்பிய முக்கோணம். பாய்மம் அந்த முக்கோணத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு மூன்று திசைகளில் தள்ளுகிறது. புடைப்பு விளங்கிவிட்டது, கூம்பு தேவைப்படவில்லை. தேவையற்ற இரைச்சல் என்று கழித்துக்கட்டியதில்தான் விடை இருந்தது.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. பாகுநிலை பெரிய அலையைவிடச் சிறிய நெளிவுகளைச் சீக்கிரம் அழித்துவிடும். ஆகவே பாதாம், முக்கோணம், நாற்கோணம், ஐங்கோணம் என்று ஒவ்வொன்றின் சுவடும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால், பாகுநிலைக்கான எண்ணைப் பல பக்கங்களிலிருந்து நெருக்கிப் பிடிக்கலாம். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஷென்கே, ஜியோன், கேல் ஆகியோர் எழுதிய மியூசிக் என்ற நிரல், மோதல் மோதலாக இந்தக் கணக்கை முப்பரிமாணத்தில் செய்து காட்டியது. அதன்பின் டியூக் பல்கலைக்கழகத்தின் பெர்ன்ஹார்ட், மோர்லேண்ட், பாஸ் மூவரும், மாதிரியில் திருகத்தக்க எண்கள் அத்தனையையும் ஒருசேரத் திருகி, செர்னின் ஆலிஸ் கருவி தந்த அளவீடுகளோடு ஒட்டவைத்து, எந்த எண் எவ்வளவு உறுதி என்று 2019இல் வெளியிட்டார்கள். பாகுநிலை விகிதத்தின் மிகக் குறைந்த மதிப்பு 0.085 என்று வந்தது; பிழை எல்லை 0.025 சொச்சம்.

அந்தப் பிழை எல்லையை நான் விடையைவிட முக்கியமாகக் கருதுகிறேன். கண்ணால் பார்க்க முடியாத பொருளைப் பற்றி மாதிரியை நம்பித்தான் பேசுகிறோம். ஒரு திருகைத் தனியாக எடுத்துக்கொண்டு தரவோடு ஒட்டவைப்பது யாருக்கும் கைவந்துவிடும். அப்படி ஒட்டியதைக் காட்டி "பார், திரவம்" என்பதும், எல்லாவற்றையும் ஒன்றாக நெருக்கியபின் சொல்வதும் ஒன்றாகாது.

ஆலிஸ், ஸ்டார் இரண்டிலும் நம் நாட்டின் பங்கும் உண்டு. சிதறி வரும் ஒளித்துகள்களை எண்ணும் கருவியை இரண்டுக்கும் கட்டித் தந்தது கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம் முன்னின்ற இந்தியக் குழு. செர்னில் 2025 ஜூலையில் ஈயத்தைவிடச் சிறிய ஆக்சிஜன் கருக்களையும் நியான் கருக்களையும் மோதவிட்டார்கள். எவ்வளவு சிறிய துளிவரை திரவம் என்று சொல்லலாம் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

இயற்பியலில் முதுகலை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மியூசிக் நிரல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஈய மோதல்களின் தரவில் ஒரு பகுதியைச் செர்ன் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. இருபரிமாணக் கணக்கை ஓட்டச் சாதாரண மடிக்கணினி போதும். ஒரே தொடக்க நிலையை வைத்துக்கொண்டு பாகுநிலை விகிதத்தை முதலில் பூஜ்யமாகவும், பிறகு 0.08 ஆகவும், பிறகு 0.2 ஆகவும் கொடுத்து ஓட்டுங்கள். மூன்றிலும் முக்கோணம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.