தொழில்நுட்பத் தரநிலை ஆவணங்களில் விதிப்புச் சொற்கள்

முன்னுரை

ஒருவரையொருவர் அறியாத இரு நிறுவனங்கள் ஒரே தரநிலையைப் படித்து இரு கருவிகளை உருவாக்குகின்றன. அக்கருவிகள் இணைந்து இயங்க, எது கட்டாயம், எது பரிந்துரை, எது விருப்பம் என்பதை இரு தரப்பினரும் ஒரே வகையில் உணர்தல் வேண்டும். இவ்வேறுபாட்டைப் பெரிதும் உணர்த்துபவை துணைவினைகளே. தமிழில் தரநிலை எழுதும்போது அவற்றால் எழும் இடர்ப்பாடுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கில வழக்கு

இணைய நெறிமுறை ஆவணங்களுக்கென 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119, 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' முதலிய சொற்களை வரையறுத்தது. 'மஸ்ட்' என்பது கட்டாயம். 'ஷுட்' வெறும் அறிவுரையன்று. தக்க காரணம் இருப்பின், விளைவுகளை முழுமையாக ஆராய்ந்த பின்னரே அதனின்று விலக இடமுண்டு. 'மே' என்பது விருப்பம். இச்சொற்கள் பொது உரைநடையிலும் பயில்வதால், முழுதும் பெரிய எழுத்துகளில் அமைந்தால் மட்டுமே வரையறுத்த பொருள் கொள்ளும் என 2017இல் ஆர்.எஃப்.சி. 8174 தெளிவுபடுத்தியது.

தமிழில் எழும் மயக்கங்கள்

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்னும் பாகுபாடு இல்லை. ஆகவே அவ்வழி இங்கு உதவாது. மேலும், '-லாம்' ஈறு இசைவையும் நிகழ வாய்ப்பிருப்பதையும் ஒருங்கே உணர்த்தும். 'இணைப்பு அறுந்தால் சேவையகம் தரவை அழிக்கலாம்' என்னும் தொடர் சேவையகத்திற்கு உரிமை வழங்குகிறதா, பயனரை எச்சரிக்கிறதா? உரிமை எனின், அழித்த சேவையகம் தரநிலைக்கு உட்பட்டதே. எச்சரிக்கை மட்டுமே எனின், அவ்வுரிமை அதற்கு வழங்கப்படவில்லை. தரவை இழந்தபின் எழும் வழக்கு இவ்வோர் ஈற்றின் பொருளைச் சார்ந்து நிற்கும்.

எதிர்மறையிலும் மயக்கம் உண்டு. 'அனுப்ப வேண்டியதில்லை' கடமையை நீக்குகிறது. 'அனுப்பக் கூடாது' தடுக்கிறது. 'அனுப்ப வேண்டாம்' என்பதோ விலக்களிப்பாகவும் தடையாகவும் கொள்ளத்தக்கது.

செயப்பாட்டு வினை பொறுப்பாளரை மறைக்கிறது. 'செய்தி சரிபார்க்கப்பட வேண்டும்' என்றால், சரிபார்ப்பவர் அனுப்புநரா, பெறுநரா? மற்றவர் செய்வார் எனக் கருதி இருவருமே விட்டுவிட இடமுண்டு.

முடிவுரை

கட்டாயத்திற்குச் 'செய்தல் வேண்டும்', தடைக்குச் 'செய்தல் கூடாது', பரிந்துரைக்குச் 'செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது', இசைவுக்குச் 'செய்ய இசைவு உண்டு', நிகழ்வாய்ப்புக்கு 'நிகழக்கூடும்' எனப் பொருளுக்கு ஒரு வாய்பாடு கொள்வது தகும். அவற்றை ஆவணத்தின் தொடக்கத்தில் வரையறுத்து, பிற பொருளில் ஆளாது விடுத்து, ஒவ்வொரு விதியிலும் எழுவாயை வெளிப்படையாகக் கூறினால், எழுதியவரிடம் வினவாமலே விதியின் பொருளை அறிய இயலும்.