உங்களுக்குத் தெரியுமா?

சுமார் 15,000 பேர் போட்டியிட்ட நெற்ஃபிளிக்ஸ் நாயகி வேடம், அதுவரை பள்ளி நாடகங்களில் மட்டும் நடித்திருந்த 17 வயது ஈழத்தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்தது: மைத்ரேயி ராமகிருஷ்ணன்!

• முதல் தேர்வுக் காணொளியை எடுத்தது உள்ளூர் நூலகத்தில். கமரா தோழியின் தாயாருடையது. அதன்பிறகும் பல காணொளிகள் அனுப்பித்தான் லொஸ் ஏஞ்சலிஸுக்கு அழைப்பு வந்தது.

• பிறந்தது 2001இல், ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில். பெற்றோர் இலங்கையிலிருந்து புகலிடம் தேடிப் போனவர்கள்.

• அந்த நெற்ஃபிளிக்ஸ் தொடர் ‘நெவர் ஹாவ் ஐ எவர்’: 2020–2023, 4 சீசன், 40 அத்தியாயம். நாயகி தேவியும் தமிழ்ப்பெண்ணே. கதையில் மட்டும் பூர்வீகம் இந்தியா!

• பிக்சாரின் ‘டர்னிங் ரெட்’ (2022) படத்தில் பிரியா என்ற பாத்திரத்தின் குரல் இவருடையது. அந்தக் கதை நடப்பதும் ரொறன்ரோவில்.