துறவை நாடியவர் கண்ட உயிராற்றல்

சுவாமி விவேகானந்தர் அவதரித்த அதே ஜனவரி 12ஆம் நாளில், 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சிறுவனாக இருந்தபோது, யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று காசிக்குப் புறப்பட்டு, பாதி வழியிலேயே தாயாரிடம் பிடிபட்டார் என்பர். பின்னர்ச் சென்னையில் பயில்கையில் ஸ்ரீராமகிருஷ்ண மடத்தில் ஈடுபாடு கொண்டு துறவு பூண விழைந்தார். தாயார் இசையவில்லை. மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டாற்றுமாறு மடத்துப் பெரியோரும் அறிவுறுத்தினர்.

உண்ட உணவின் சத்தை உடல் ஏற்காமல் மெலிவிக்கும் 'ஸ்புரூ' என்னும் குடல்நோய்க்கு அவர்தம் சகோதரரைப் பறிகொடுத்திருந்தார். உணவு எவ்வாறு உயிராற்றலாகிறது என்பது அவருக்கு ஏட்டுக் கேள்வியன்று.

1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையொன்றில் எளிய பணியாளாக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் இணைந்து, இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். ஆனால் தசைச் சாற்றைச் சோதித்தபோது நிறம் உடனே நிலைகொள்ளாமல், நேரம் செல்லச் செல்ல அடர்ந்தது. பிறர் இதைச் சோதனைப் பிழையென்று ஒதுக்கியிருக்கக்கூடும். இருவரும் விடவில்லை. எளிதில் சிதையும் 'பாஸ்போகிரியேட்டின்' என்ற பொருள் தசையில் இருப்பதை 1927இல் கண்டனர். தசை உழைக்கையில் அது குறைகிறது. ஓய்வில் மீண்டும் சேர்கிறது. லாக்டிக் அமிலமே தசை இயக்கத்திற்குக் காரணம் என்ற கொள்கை, அதனை வகுத்தோர் நோபல் பரிசு பெற்ற சில ஆண்டுகளிலேயே ஆட்டம் கண்டது.

1929இல் இன்னும் ஆழமான உண்மை புலப்பட்டது. அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்னும் பொருளை இவ்விருவரும், ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாகவும் கண்டறிந்தனர். அதில் மூன்று பாஸ்பேட்டுகள் தொடராக உள்ளன. கடைசிப் பாஸ்பேட் பிரியும்போது வெளிப்படும் ஆற்றலே தசையைச் சுருக்குகிறது. செல்லின் எண்ணற்ற பணிகளை நடத்துகிறது. உண்ட உணவும் மூச்சில் வந்த ஆக்சிஜனும் கூடி, பிரிந்த பாஸ்பேட்டைத் திரும்பவும் பொருத்துகின்றன. ஒரு வேளையில் நம் உடலிலிருக்கும் ஏ.டி.பி. சில பிடிகளுக்கு மேற்படாது. அதுவே செலவாகிப் புதுப்பிக்கப்பட்டு, ஒரு நாள் கணக்கைக் கூட்டினால் ஏறத்தாழ நம் உடல் எடையளவு ஆகிறது! மலைக்கோயிலின் முதற்படிகளில் வேகமாக ஏறும்போது அந்தச் சில நொடிகளுக்குக் கைகொடுப்பது பாஸ்போகிரியேட்டின்தான். அதன்பின் மூச்சு வாங்குவது, செல்கள் ஆக்சிஜனைக் கேட்பதால்.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். யானைக்கால் நோய்க்கான மருந்து அவர் வழிநடத்திய ஆய்வுகளின் பயனே. 1948இல், தாய்நாடு திரும்பாமலே, தம் 53ஆம் வயதில் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியிருந்தனர். சகோதரரைக் கொண்டுசென்ற ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று.