முற்றத்துப் பந்தலும் ஒட்டகக் கயிறும்

வீட்டு முற்றத்தில் கல் பாவி, அதன்மேல் இரும்புக் கால்களில் ஒரு நிழற்பந்தல் அமைப்பது இன்று நம் ஊர்களில் பெருகி வருகிறது. நோன்பு மாதத்தில் இஃப்தாருக்கு அமரவும், பெருநாளில் உறவினரை வரவேற்கவும், மாலையில் பெண்கள் காற்றாட இருக்கவும் அது நல்ல இடமே. ஆனால், அந்தப் பந்தலின் கால்கள் எதைப் பற்றி நிற்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் மக்கள் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் பறக்கும் ஒரு தகரம் அடுத்த வீட்டுக் குழந்தையின் மேல் விழுந்தால், நம் நிழல் பிறருக்குத் துயரமாகிவிடும். அண்டை வீட்டார் உரிமையை இவ்வளவு வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்துகிறது. நீளமும் அகலமும் 3 மீட்டர் உள்ள கூரையை அது 420 கிலோ அளவுக்குத் தூக்கக் கூடும். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். கால்களில் கட்டிவைக்கும் நான்கு 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களின் எடையோ 80 கிலோதான்!

பாவிய கல்லிலேயே போல்ட் அடித்துவிட்டால் போதாதா எனச் சிலர் கேட்பர். மணல் பரப்பில் தனித்தனியே அமர்ந்திருக்கும் பேவர் கல் ஒன்றின் எடை ஏறத்தாழ 3 கிலோ. அதில் பூட்டிய பந்தல், அந்தக் கல்லையும் பிடுங்கிக்கொண்டே எழும். மொட்டைமாடியில் பதித்த ஓடுகளும் இத்தகையனவே. அங்கே துளையிட்டால் மழைநீர் ஒழுகும் தொல்லையும் சேரும்.

எனவே, கால் நிற்கும் நான்கு இடங்களிலும் கற்களைப் பெயர்த்தெடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 சென்டிமீட்டராகக் குழி தோண்டிக் கான்கிரீட் இடுங்கள். தோண்டுமுன் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் செல்லும் வழியை அறிந்துகொள்ளுங்கள். இத்தகைய ஒரு கட்டியின் எடை சுமார் 220 கிலோ. நான்கும் சேர்ந்தால் 880 கிலோ. நுனி வளைந்த போல்ட்டுகளைக் கான்கிரீட் ஈரமாக உள்ளபோதே அதில் பதித்து, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுகவிடுங்கள். பிறகு, கால்களின் அடித்தட்டை அதில் பூட்டிச் சுற்றிலும் கற்களை மீண்டும் பாவலாம்.

முற்றம் முழுவதும் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரே கான்கிரீட் தளமாயின், ஆங்கர் போல்ட் பயன்படும். விளிம்பிலிருந்து ஒரு சாணேனும் தள்ளித் துளையிட்டு, தூளை முற்றிலும் அகற்றிய பின்னரே பொருத்த வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். ஆதலால் துத்தநாக முலாம் பூசிய போல்ட்டுகளையே வாங்குங்கள். ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் துணியையும் தகரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பின்னர் நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். கட்டுவது நம் கடமை. காப்பது அல்லாஹ்வின் அருள். நம் முற்றத்துப் பந்தலுக்கும் அந்தக் கயிறு வேண்டும்.