கொழுந்துக்குத் தராசு, கரண்ட் வயருக்கு டோர்க் ஸ்குரூ டிரைவர்



கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒருவர் கூடையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எட்டுக் கிலோ இருக்கும்" என்று சொல்லிப் புத்தகத்தில் எழுதினால் நாம் சும்மா இருப்போமா? "தராசைக் கொண்டு வாங்க" என்று சண்டை பிடிப்போம். அது நியாயந்தான். காலையில் பத்துக் கிலோ லேசாகத் தெரியும், மாலையில் களைத்துப்போன கைக்கு அதே பத்துக் கிலோ இருபது கிலோவாகத் தெரியும். கையை நம்பி நிறுக்க முடியாது.

ஆனால் நம் காம்பராவுக்கு வயரிங் செய்யும்போது என்ன நடக்கிறது? வயரை உள்ளே விட்டு, கை சொல்கிற அளவுக்கு ஸ்குரூவை முறுக்கிவிட்டு, "நல்லா இறுக்கிட்டேன் அக்கா, இனி அசையாது" என்று தம்பிமார் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாமும் பல்பு எரிகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். எரிந்தால் வேலை சரி என்று நினைக்கிறோம். முறுக்கை நிறுத்துப் பார்க்கவும் ஒரு தராசு உண்டு. அதற்குப் பெயர் டோர்க் ஸ்குரூ டிரைவர். அதைப் பற்றி இந்த முறை விளக்கமாகச் சொல்கிறேன். வயரிங் வேலை தெரிந்த பிள்ளைகள் மட்டுமில்லை, வீட்டில் அடுப்படியைப் பார்க்கும் தாய்மாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லூஸ் வயர் என்ன செய்யும்?

வயரும் பித்தளைத் துண்டும் நன்றாக ஒட்டி அழுந்தி இருந்தால் கரண்ட் தடையில்லாமல் போகும். அழுத்தம் குறைந்தால் வயரின் ஓரிரு முனைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அகலமான ரோட்டில் போகிற கூட்டம் ஒற்றையடிப் பாதைக்குள் நுழைகிற மாதிரி, அந்தச் சின்ன இடத்துக்குள் கரண்ட் முழுவதும் நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த இடம் சூடாகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 2000 வாட் கரண்ட் கேத்தல் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். லூஸான இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால், 9 ஐ 9 ஆல் பெருக்கி அதில் பாதியை எடுக்க வேண்டும். சுமார் 40 வாட் சூடு வரும். 40 வாட் குண்டு பல்பைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அவ்வளவு சூடும் பிளக் பொயின்ட்டுக்குப் பின்னால், விரல் நகம் அளவு இடத்தில் பிறக்கிறது. சுற்றிவர பிளாஸ்டிக். அதற்கு அப்பால் பலகை, கடதாசி ஒட்டிய சுவர், திரைச்சீலை.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. சூடாகும்போது உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு நாளும் காலையில் கேத்தல், மாலையில் ஹீட்டர் என்று இப்படி விரிந்து சுருங்கிச் சுருங்கி ஸ்குரூ இன்னும் லூஸாகும். சூடுபட்ட செம்பின் மேல் கறுப்புப் படியும். மலையகத்துப் பனியும் ஈரமும் சேர்ந்தால் பச்சைக் களிம்பும் பிடிக்கும். ஆகவே லூஸான இணைப்பு தானாகச் சரியாகாது. நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போகும்.

ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை?

"எங்க வீட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்ல" என்று பலர் சொல்கிறார்கள். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் என்பது கரண்ட் வெளியே கசிந்தால் விழுகிற காவல்காரன். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழும். ஆள்மேல் கரண்ட் அடித்தால் காப்பாற்றுவது அதுதான். பிரேக்கர் என்பது அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் ஓடினாலோ, இரண்டு வயர் ஒன்றோடொன்று முட்டினாலோ விழும்.

லூஸான இணைப்பில் இந்த இரண்டும் நடப்பதில்லை. கரண்ட் வெளியே கசியவில்லை. அளவுக்கு மிஞ்சியும் ஓடவில்லை. வழக்கமான 9 அம்பியர்தான் வழக்கமான வழியில் போகிறது. ஆனால் போகிற வழியில் ஓரிடம் நெருப்பாகிறது. காவல்காரர் இரண்டு பேரும் கண்ணைத் திறந்துகொண்டே இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஸ்குரூவை முறுக்குகிற அந்தச் சின்ன வேலை இவ்வளவு பெரிய வேலையாகிறது. பின்னால் வந்து காப்பாற்ற ஆள் கிடையாது.

லயத்தில் இருக்கிற நாம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தனி வீட்டில் தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு போகலாம். லயத்தில் காம்பராக்கள் தொடுத்து இருக்கின்றன, கூரை ஒன்றுதான். கோடியில் பிடித்த தீ மறுகோடி வரைக்கும் போகும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடப் புத்தகம், சேர்த்து வைத்த நகை நட்டு எல்லாம் ஒரே இரவில் சாம்பலாகும். உங்கள் காம்பராவின் லூஸ் வயர் பக்கத்துக் காம்பராக்காரர் வாழ்க்கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கூட முறுக்கினாலும் கெடுதிதான்

"அப்படின்னா கை வலிக்கிற மட்டும் முறுக்கிடுவோமே" என்று தம்பிமார் கேட்கலாம். அதுவும் பிழை. நம் ஊரில் பிளக் பொயின்ட்டுக்கு அதிகம் இழுப்பது 7/0.67 வயர். அதாவது 0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு செம்புக் கம்பி சேர்ந்தது. அளவுக்கு மேல் முறுக்கினால் ஸ்குரூவின் முனை அதில் இரண்டு மூன்று கம்பியை அறுத்துவிடும். மிச்சமுள்ள கம்பிகள் ஏழு கம்பியின் பாரத்தைச் சுமக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்குரூவின் மரை கழன்றுபோகும். மரை போன ஸ்குரூ இறுகியது போலத் தெரியும், ஆனால் இறுகி இருக்காது. பிளாஸ்டிக் உடல் வெடிப்பதும் உண்டு. குறைந்தாலும் சூடு, கூடினாலும் சூடு. சரியான அளவு ஒன்றுதான்.

டோர்க் என்றால் என்ன?

டோர்க் என்பது முறுக்குகிற பலம். அதை நியூட்டன் மீற்றர் என்ற அளவில் சொல்வார்கள். 20 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பானரை ஒரு நட்டில் படுக்கையாக மாட்டி, அதன் நுனியில் 1 கிலோ சீனிப் பையைத் தொங்கவிட்டால் அந்த நட்டுக்குக் கிடைக்கும் முறுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீற்றர். பிரேக்கர் ஒன்றின் 5 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்குப் பொதுவாக வேண்டியது இவ்வளவுதான். 4 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 1.2, 3 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 0.5 நியூட்டன் மீற்றர் என்பது சர்வதேசத் தரத்தில் உள்ள அளவு.

ஆனாலும் தயாரித்த கம்பெனி சொல்கிற இலக்கமே முதலாவது. நல்ல பிரேக்கரின் பக்கவாட்டிலோ, பெட்டிக்குள் இருக்கிற தாளிலோ அது அச்சடித்திருக்கும். அந்தத் தாளைக் கசக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

டோர்க் ஸ்குரூ டிரைவர் பார்வைக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவர் மாதிரிதான், பிடி கொஞ்சம் தடிப்பு. பிடியில் இலக்கங்கள் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங். பிடியைத் திருகி 2 என்று வைத்தால் ஸ்பிரிங் அந்த அளவுக்கு அழுந்தும். ஸ்குரூவை முறுக்கிக்கொண்டு போய் 2 நியூட்டன் மீற்றர் வந்தவுடன் "கிளிக்" என்று சத்தம் கேட்கும், அல்லது கைப்பிடி வழுக்கிச் சும்மா சுற்றும். அதோடு நிறுத்த வேண்டியதுதான். பலசாலி முறுக்கினாலும், மெலிந்த கை முறுக்கினாலும், காலையில் முறுக்கினாலும், மாலையில் முறுக்கினாலும் அளவு ஒன்றே.

வெளிநாடுகளில் இதை இப்போது பெரிய விஷயமாக எடுத்திருக்கிறார்கள். லூஸ் இணைப்பால் வீடுகளின் பிரேக்கர் பெட்டிகள் தீப்பிடித்த அனுபவத்தால், பிரித்தானியாவின் வயரிங் விதியில், வீடுகளில் புதிதாகப் போடும் பெட்டி தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கினார்கள். அமெரிக்காவின் மின் விதித்தொகுப்பு 2017 பதிப்பில், கம்பெனி முறுக்கு அளவு கொடுத்திருந்தால் அளவு சரிபார்த்த டோர்க் கருவியால்தான் முறுக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

வேலை செய்யும் தம்பிமாருக்கு

1. முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். வேறு யாரும் போடாதபடி ஒரு ஆளை நிறுத்துங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, அது வேலை செய்கிறதென்று தெரிந்த பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பிடியில் ரப்பர் இருக்கிறது என்பதற்காகக் கரண்ட் உள்ள இடத்தில் கை வைக்க வேண்டாம்.

2. வயரின் தோலை வேண்டிய நீளத்துக்கு மட்டும் உரியுங்கள். கூட உரித்தால் செம்பு வெளியே தெரியும். குறைய உரித்தால் ஸ்குரூ தோலின்மேல் ஏறும், அப்போது கிளிக் சத்தம் கேட்டாலும் இணைப்பு லூஸ்தான்.

3. ஏழு கம்பியையும் சேர்த்து முறுக்கி முழுவதையும் உள்ளே விடுங்கள். உள்ளே போகவில்லை என்று இரண்டு கம்பியை வெட்டி எறிகிற பழக்கம் கூடாது.

4. ஸ்குரூவின் தலைக்குப் பொருந்துகிற பிட்டைப் போடுங்கள். பொருந்தாத பிட் தலையைத் தின்றுவிடும்.

5. இலக்கத்தைப் பார்த்துக் கருவியை அந்த அளவுக்கு வையுங்கள். நேராகப் பிடித்து மெதுவாக முறுக்குங்கள். முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள். "இன்னும் ஒரு தரம்" என்று திரும்பத் திரும்பக் கிளிக் வைக்க வேண்டாம்.

6. ஒவ்வொரு வயரையும் கையால் லேசாக இழுத்துப் பாருங்கள்.

7. வேலை முடிந்ததும் கருவியை அதன் மிகக் குறைந்த இலக்கத்துக்குத் திருப்பி வையுங்கள். அழுந்தியே கிடந்தால் ஸ்பிரிங் களைத்துப்போகும்.

8. பழைய ஸ்குரூவைக் கழற்றச் சாதாரண ஸ்குரூ டிரைவரைப் பாவியுங்கள். டோர்க் கருவியால் ஆணி தட்டுவது, நெம்புவது கூடாது.

தராசுக்கு முத்திரை குத்துகிற மாதிரி இந்தக் கருவியையும் சரிபார்க்க வேண்டும். பொதுவான கணக்கு வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 5000 தடவை முறுக்கிய பிறகு. கீழே விழுந்து அடிபட்டிருந்தால் அதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

இதன் விலை சாதாரண ஸ்குரூ டிரைவரைப் போலப் பல மடங்கு. ஒவ்வொருவரும் வாங்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் டிவிசனுக்கு ஒன்று என்று இளைஞர் மன்றமோ மரண உதவிச் சங்கமோ சேர்ந்து வாங்கி வைக்கலாம். தண்ணீர்ப் பந்தலுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் பணம் சேர்க்கிற நம் பிள்ளைகளுக்கு இது முடியாத காரியமா?

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

கருவி நம் கையில் இல்லாவிட்டாலும் மூக்கும் கண்ணும் காதும் இருக்கின்றன.

கேத்தல் போட்டவுடன் பல்பு மினுக்கு மினுக்கென்று ஆடுகிறதா? பிளக் பொயின்ட் அல்லது சுவிட்ச் தொட்டால் சுடுகிறதா? மஞ்சள், கபில நிறக் கறை இருக்கிறதா? "ஸ்ஸ்" என்றோ "கிர்" என்றோ சத்தம் வருகிறதா? பிளாஸ்டிக் கருகுகிற வாடை, சில வேளை மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பொயின்ட்டைப் பாவிக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம், இன்சுலேசன் டேப்பைச் சுற்றி மறைக்கவும் வேண்டாம்.

புகையோ நெருப்போ தெரிந்தால் மெயினை அணைக்க முடிந்தால் அணையுங்கள். கரண்ட் உள்ள இடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே எடுங்கள், பக்கத்துக் காம்பராக்களைத் தட்டி எழுப்புங்கள். காயப்பட்டவர் இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். சாமான் எடுக்க உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது?

வயரிங் என்பது பழகிய கைக்கு மட்டுமுள்ள வேலை இல்லை, படித்த கைக்குமான வேலை. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ளவர்களைத் தேடுங்கள். வேலை தொடங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இந்த பிரேக்கருக்கு முறுக்கு அளவு எத்தனை?" "எதால் அளந்து முறுக்குவீங்க?" கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள்ளைப் பார்க்கிற கண்தானே இது.

லயத்தின் பழைய வயரிங் கெட்டிருந்தால் தனித்தனியாகப் போய்ச் சொல்வதைவிட, லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் கையெழுத்து வைத்துத் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதமாகக் கொடுங்கள். ஒரு பிரதியைத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு உதவி வேண்டுமானால் உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள்.

சாதாரண தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகவா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மின் தொழிலை முறையாகப் படித்தவனுக்கு மலையகத்திலும் வேலை உண்டு, வெளிநாட்டிலும் வேலை உண்டு. அங்கே கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று டோர்க் கருவி பாவிக்கத் தெரியுமா என்பதாகவும் இருக்கலாம். பெண் பிள்ளைகளும் இந்தத் தொழிலைப் படிக்கலாம். இதற்கு வேண்டியது பெரிய பலம் இல்லை, கிளிக் சத்தம் கேட்டவுடன் நிறுத்துகிற கவனம்.

இன்று மாலை கேத்தலை வைத்த பிறகு, பிளக் பொயின்ட்டின் மேல் புறங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். சுட்டால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.