வீடற்றவனின் இருமல்

2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை கடல் எழுந்து வந்ததை மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மறந்துவிடவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியவர்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஒண்டினர். பின்னர் கூடாரங்களுக்கும் தகரக் கொட்டில்களுக்கும் சென்றனர். கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் விதித்தபடியால், அந்த ஒதுக்கிட வாழ்வு பலருக்கு நீண்டுகொண்டே போயிற்று. ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே ஒரு பலகைத் தடுப்பு. அப்பால் ஒருவர் இருமினால் இப்பால் குழந்தை விழித்துக்கொள்ளும்.

அந்த இருமல் எத்தகையது என்று கேட்பதே காசநோய்ப் பரிசோதனையின் தொடக்கம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இராவியர்வை, உடல் மெலிவு ஆகியவற்றை விசாரித்துச் சளியைச் சோதிப்பார்கள். நெஞ்சை எக்ஸ்றே படம் எடுப்பார்கள். 1882இல் றொபேட் கொக் கண்டறிந்த கிருமியை, இன்றைய கருவியொன்று சளியிலிருந்து இரண்டு மணி நேரமளவில் காட்டிவிடுகிறது. ஆகவே, நோயைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் அதன் பின்னரே தொடங்குகிறது.

பலர் ஒன்றாய்ப் படுத்துறங்கும் ஒரு தங்குமிடத்தில், ஒருவருக்கு நோய் உண்டென்று தெரிந்த மறுகணம் நடப்பது என்ன? பக்கத்துப் பாயை இழுத்து அப்பால் போடுகிறார்கள். ஒரே சகனில் சோறுண்டவர்கள், "காக்கா, நீங்க வேறயா வெச்சுத் தின்னுங்க" என்கிறார்கள். சகனால் இந்நோய் தொற்றுவதில்லை, கோப்பையாலும் தொற்றுவதில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலப்பதுவே தொற்று. அதுவும் சாளரமில்லா அறையில்தான் அதிகம் தங்கும். ஆனால், விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் தமது மூட்டையைக் கட்டியிருப்பார். இதை அறிந்த வேறொருவர், இருமலை விழுங்கிக்கொண்டு, "எனக்கு ஒண்டுமில்ல டொக்டர்" என்பார். அவரைப் பொய்யர் என்று நாம் வைய முடியுமா? அவர் காப்பாற்றுவது தம் படுக்கையை.

படுக்கை பறிபோகாது என்ற உறுதியை முதலில் கொடாமல் பரிசோதனைக்கு வருவது, என் எண்ணத்தில், அரைகுறையான தருமமே.

அவ்வுறுதியைக் கொடுக்கலாம் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. 1956இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளரில் ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்தில் வைத்தும், மறு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே விட்டும், ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் சானட்டோரியத்தாருக்கே வாய்த்தன. எனினும் 1959இல் வெளிவந்த முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரேயளவு குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகப்படவுமில்லை; அவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்னரே நேர்ந்திருந்தது. துரத்துவதைவிட மருந்தைத் தொடங்குவதே அண்டையிலுள்ளோருக்குக் காவல். தொடக்கத்தில் சில வாரங்களுக்குக் காற்றோட்டமுள்ள தனியறை ஒன்று கிடைத்தால் மெத்த நல்லது.

மருந்தோ பொதுவாக ஆறு மாதம். இருமல் நின்றதும் பலர் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுக்க இடமுண்டு. முகவரி உள்ளவரைத் தேடிச் சென்று விசாரிக்கலாம். நேற்றுக் கல்முனை பஸ் நிலையத்திலும், இன்று ஒரு கடைத் திண்ணையிலும், நாளை வேற்றூரிலும் உறங்குபவரை எங்கே போய்த் தேடுவது? 2024 நவம்பர் வெள்ளத்திலும் இக்கரையில் மக்கள் இடம்பெயர்ந்தனர். முகாம் கலைந்ததும் அவர்களைப் பற்றிய பதிவும் கலைந்துவிடலாகாது.

லண்டன் மாநகரில் 2005 முதல் எக்ஸ்றே கருவி பூட்டிய வாகனமொன்று வீடற்றோர் விடுதிகளின் வாயிலுக்கே செல்கிறது. நோய் கண்டவரை மருந்து முடியும்வரை பின்தொடர்வதும் அக்குழுவினரின் வேலை. அவர்களுள் முன்பு தெருவில் கிடந்தவர்களும் இருக்கிறார்கள். இந்நோயால் தாமே வருந்தி, மருந்துண்டு தேறிய சிலர், இப்போது அவ்விடுதிகளின் கதவைத் தட்டி உள்ளே இருப்பவரை வெளியே அழைக்கிறார்கள்.